மின்சுற்றுப் பாடம்

செட்டிபாளையம்,
22.06.2008

அன்புள்ள றஸீனாவுக்கு,

நீயும் உன் கணவர் ஷாமிலும் கட்டாரில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நாம் இருவரும் பள்ளியில் தொடங்கிய விஞ்ஞான மூலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதை எழுத முடியாமல்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன்.

அந்த மூலை இப்போது இல்லை. லென்ஸ், காந்தம், பிள்ளைகள் போத்தலை வெட்டிச் செய்த மழைமானி எல்லாவற்றையும் அதிபர் எடுத்துவிட்டார். இனிப் புத்தகத்தில் இருப்பதை மட்டும் படிப்பிக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

விதுர்ஷாவை மறந்திருக்கமாட்டாய். சுனாமியில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. அதன் பிறகு தற்காலிகமாக நடத்திய கொட்டில் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அலைச் சத்தத்துக்கே அழுதபோது, கடல் ஏன் முதலில் பின்னால் போனது என்று கேட்டவள். நீ தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் காட்டினாய். விளங்கவில்லை என்று மறுநாளும் வந்து கேட்டாள். இப்போது ஐந்தாம் வகுப்பு.

போன மாதம் மின்சுற்றுப் படிப்பித்தேன். இரண்டு பற்றரி, ஒரு பல்ப், இரண்டு முழ வயர். அவள் மட்டையில் ஒட்டிச் செய்தது முதலில் எரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று கெஞ்சினாள். இந்தக் காலத்தில் வயரையும் பற்றரியையும் குண்டுச் சாமான் என்றுதான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தகப்பனின் பெயர் கோணாமலை. வாவியில் மீன் பிடிப்பவர். அன்று சைக்கிளில் வந்து அவளை ஏற்றிப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் படையினர் பையைத் திறந்திருக்கிறார்கள். டீச்சர் தந்தது என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். வயரைத் தொடுத்து எரித்தும் காட்டியிருக்கிறாள். "பல்ப் எரியிறதக் கண்டா அப்பாவ விட்டிடுவாங்க எண்டு நினைச்சன், டீச்சர்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவர்கள் பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, தகப்பனை உள்ளே கூட்டிப் போனார்கள்.

அன்று பின்னேரமே எனக்குச் செய்தி வந்தது. உடனே சாவடிக்குப் போய், கொடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு, கொஞ்சம் பொறுங்கோ" என்று அதிபர் சொன்னார். அவர் அப்படிச் சொல்லமாட்டாரா என்று நானும் காத்திருந்தேன் போலிருக்கிறது. பொறுத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் போனேன். அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். சைக்கிள் மட்டும் வேலியில் சாத்தியபடி நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன். யாரோ விட்டுப் போனதாம்.

விதுர்ஷா இப்போது மாமி இரத்தினம்மாவுடன் இருக்கிறாள். பள்ளிக்கு வருகிறாள். கரும்பலகையில் எழுதுவதை அழகாகப் பார்த்து எழுதுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. என்மீது கோபமாக இருந்தால்கூடத் தாங்குவேன். போகும்போது, "போயிற்று வாறன், டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஷாமிலின் கூடப்பிறந்த நானா கொழும்பில் சட்டத்தரணிதானே. கோணாமலையின் அடையாள அட்டை இலக்கத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சேர்த்துவிடு. நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல். வயரைக் கொடுத்தது வதனி என்ற ஆசிரியை என்றும் அதில் எழுதச் சொல். பெயரை மறைக்க வேண்டாம். எங்கே கூப்பிட்டாலும் வருவேன் என்று சொல். இம்முறை அன்றைக்கே வருவேன்.

உன்,
வதனி