மிகேலின் ஓய்வு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பேஸ்பால் அணியில் பந்து எறிகிறவர்கள் எட்டுப் பேர் மைதான ஓரத்தில், கம்பி வேலிக்குள் காத்திருப்போம். ஆட்டத்தின் நடுவே கோச்சின் போன் அடித்தால் ஒருவன் எறியப் போக வேண்டும். இந்த வாரம் ஐந்து நாளும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மிகேல் என்பவன் சூரியகாந்தி விதை கொறித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். பாவமே என்று கோச்சிடம் அவனுக்காகப் பேசினேன். அவர் சிரித்துவிட்டார். பத்து நாளில் இறுதிச் சுற்றாம். அதற்காக அவன் கையைப் பத்திரப்படுத்துகிறாராம். என்னை அனுப்பியதெல்லாம் எப்படியும் தோற்கப்போகிற ஆட்டங்கள். அவன் தோளில் துண்டு நழுவினால்கூடக் கோச்சே எடுத்துப் போர்த்துகிறார்.

விதைநெல் மூட்டையை நீங்கள் ஒருநாளும் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு ஏற்றியதில்லையே, அப்பா.

தோளுக்குத் தேய்க்க நாட்டுமருந்துக் கடைத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். பஸ் கிளம்பப்போகிறது.

முந்தாநாள் என்னோடு பேசிவிட்டு நீங்கள் போனை வைக்க மறந்து, திருவானைக்காவல் டீக்கடையில் சொன்னது எனக்குக் கேட்டது: "எம் பையன்தாங்க தெனமும் எறியுறான். அவன் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காதுங்க."

அப்படியே சொல்லிக்கொண்டிருங்கள்.

வீரமலை