தண்டையைக் கழற்றிய எடை

1911 ஜனவரி 14, சனி. ராதாபுரம்.

என் பேத்தி இன்பமணிக்கு நேற்று ஒரு வயது நிறைந்தது. களக்காட்டிலிருந்து அவள் அம்மாவழித் தாத்தா வெள்ளித் தண்டையும் அரைஞாணும் கொண்டுவந்து போட்டார். மழைக்காலத்து வயிற்றோட்டத்தில் வற்றிப்போன பிள்ளை. அன்றுமுதல் கஞ்சித் தெளிவுதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று வழக்கம்போல் எங்கள் கருப்பட்டிக் கடைத் தராசில் உட்கார வைத்தோம். போன மாதத்தைவிடக் கால் வீசை கூடுதல். "பேரு இன்பமணி, ஆளு வெங்காயத்தாளு" என்று சிரித்த பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிப்ரவரி 11

கதவு நிலையில் நவம்பரில் போட்ட கரிக்கோட்டை அவள் உச்சந்தலை இன்னும் தாண்டவில்லை. எடை கூடியும் பிள்ளை ஏன் வளரவில்லை?

பிப்ரவரி 13

மருமகள் சாரம்மாள் பைய வந்து நின்றாள். "அத்தை, தண்டையும் அரைஞாணும் கழத்திட்டு ஒருக்கா நிறுப்போமா?"

கழற்றினோம். பிள்ளையிருந்த தட்டு மேலே போய்விட்டது. டிசம்பரைவிடக் குறைவு. நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது வெள்ளியின் எடையை. ஓலைப்பெட்டியின் எடையைக் கழிக்காமல் கருப்பட்டி நிறுத்தால் சண்டைக்குப் போகிறவள் நான் — எனக்கு இது தோணலையே.

அவள் குத்திப் பேசவில்லை. "வெறுங்கஞ்சி போதாது அத்தை. சதை வைக்காம எலும்பு எப்படி நீளும்? கேப்பைப்பால் காச்சட்டுமா?"

வயிறு தாங்குமா? மறுபடி ஓட்டம் வந்தால் பிள்ளை பிழைக்குமா? பயந்துகொண்டே சரி என்றேன்.

மார்ச் 11

தாங்கிவிட்டது. கேப்பைப்பால், பருப்புச்சோறு, முட்டை மஞ்சள்கரு. தண்டை இல்லாமலே எடை ஏறுகிறது. கரிக்கோடு மட்டும் அசையவில்லை.

"முதல்ல சதை பிடிக்கட்டும். உயரம் பொறகு வரும். தங்கச்சிமாரை இடுப்புல வச்சு வளத்தவ நான், பாத்திருக்கேன்" என்கிறாள் சாரம்மாள். இந்த வீட்டுக்கு நான் தேடி எடுத்த மருமகள்.

மே 6

கோட்டைத் தாண்டிவிட்டாள். ஒரு விரற்கடை. சாரம்மாள் சொன்னபடியே — முதலில் எடை, பிறகு உயரம். பார்வதியம்மாள் வந்து பார்த்து, "அக்கா, நிலையை உயத்திக் கட்டணும் போலிருக்கே" என்றாள். சிரித்துக் காப்பி கொடுத்தேன்.

அக்டோபர் 7

தராசில் உட்கார வைத்தால் இன்பமணியின் கால் தரையில் ஊன்றுகிறது. தட்டு ஒரு நிலையில் நிற்கவில்லை. கயிற்றைச் சுருக்கிக் கட்டலாம் என்று என் மகன் தேவசிகாமணி தராசு தொங்கும் உத்தரத்தில் ஏறினான். அதற்குள் பிள்ளை இறங்கி, கருப்பட்டிப் பெட்டியைப் பிடித்து நின்று, பிடியை விட்டு, வாசலுக்கு நடந்துவிட்டாள். சாரம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

இன்று எடை பார்க்கவில்லை.