வலி எனக்கு, பதில் மகனுக்கா?

பங்குனி, செவ்வாய் இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

பழங்காநத்தத்தில் புது டாக்டரிடம் மகன் கூட்டிப்போனான். எதிரே நான் உட்கார்ந்திருக்க, டாக்டர் அவனைப் பார்த்து, "பெரியவருக்கு எத்தனை நாளா இடுப்பு வலி?" என்றார்.

"ஒரு வாரமா சார்," என்றான்.

நானும் மகனையே பார்த்து, "டாக்டரு சாப்பிட்டாரான்னு கேளுப்பா," என்றேன்.

"அப்பா, சும்மா இருங்க!"

"எம்புட்டு நேரம்டா சும்மா இருக்க? வலி எனக்கு, பதில் ஒனக்கா?"

டாக்டர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கய்யா."

"ஒரு வாரமில்லீங்க, தைப்பூசத்தன்னைக்கு உசிலம்பட்டி பஸ்ல படி தவறி விழுந்ததுலருந்து வலிக்கிதுங்க."

உடனே எக்ஸ்ரே எழுதினார்.

"மானத்த வாங்கிட்டீங்க," என்றான் மகன் வெளியே வந்து. உள்ளே என் மானம் போனது அவன் கண்ணில் படவேயில்லை. நாளைக்கு எக்ஸ்ரே எடுக்குமிடத்திலும் நான்தான் பேசுவேன்.