மருமகளுக்காகப் பூசிய கூரை

ஆடி 20, செவ்வாய்
விடிந்ததிலிருந்து காற்று. வடகம் போட முடியவில்லை.

பெரிய பேரன் செல்வம் பட்டாளத்தில் பதவி உயர்ந்து நாயக் ஆகிவிட்டான். சின்னவன் போலீஸ் எழுத்துப் பரீட்சையில் பாஸ். மகள் வயிற்றுப் பேத்தி வித்யா என்ஜினியர், சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். ராஜபாளையத்தில் மூடிக் கிடக்கிற பழைய நூல் மில்லைப் பார்க்க. என் மகன் முருகேசன் பொறுப்பில் இருக்கும் அதே மில். நடுவில் தூணே இல்லாமல் வளைந்த கான்கிரீட் கூரை. உறுதி என்று இவள் எழுதினால் பழுதுபார்த்து வைத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் இடிப்பு, அவன் வேலையும் போகும். பெருமையாக இருக்கிறது. பயமாகவும்.

வாங்க: வெந்தயம், சீயக்காய், மூட்டுவலித் தைலம்.

ஆடி 21, புதன்
தூறல். சோறு கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். கூரை உள்பக்கம் பளிச்சென்று புதுச் சிமெண்டுப் பூச்சு, மேலே வெள்ளை. மருமகள் வித்யா முதல்முதலாக வருகிறாள் என்று முருகேசன் ஆள் வைத்துப் பூசியிருக்கிறான், கல்யாண வீட்டுக்குச் செய்வதுபோல. வித்யா முகம் சுண்டிவிட்டது. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தாள்.

"வெடிப்பைப் பாக்கத்தானே மாமா வந்தேன். தட்டினா உங்க பூச்சுதான் பேசுது."

"தாய்மாமன் இருக்கிற எடத்துக்கு நீ வாரெ. அழுக்காவா விட்டுவைப்பேன்?"

பூச்சை எடுக்காமல் எழுத மாட்டாளாம். இருவரும் சாப்பிடவில்லை. ஆள் வருகிறபோது வெள்ளையடிப்பது தப்பா? யார் பக்கம் பேசுவது? விளங்கவில்லை.

ஆடி 22, வியாழன்
முருங்கைக் கிளை ஒடிந்தது. ராஜபாளையத்திலிருந்து இருவரும் போன் போடவில்லை. மடவார் வளாகம் கோயில். என்ன வேண்டுவது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஆடி 23, வெள்ளி
வெயில். மறுபடி போனேன். முருகேசனே சாரத்தில் ஏறிப் பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் சிமெண்டு. கிழவன் வேஷம் பொருத்தம் என்று வித்யா கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் அவள் தட்ட ஒதுங்கி இடம் கொடுத்தான். கொத்திய இடமெல்லாம் வெடிப்பு, துருக் கம்பி. சொறி பிடித்த மாதிரி.

"துரு மேலாப்புலதான் இருக்கு மாமா. லேபுலயும் பாக்கணும். ஆனா பிழைச்சுக்கும்."

அழகாக இருந்தபோது முடியாது என்றவள், அசிங்கமான பிறகு பிழைக்கும் என்கிறாள். எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்குப் பிடிபட்டது போல, சாரத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான். சிமெண்டுத் தூசியாம்.

ராத்திரி அவளுக்குச் சென்னை பஸ். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன், நாளைக்குப் போன் போட வேண்டும்: அந்தச் சொறிக் கூரைக்குக் கீழே மாமனும் மருமகளும் சேர்ந்து நின்று இன்று எடுத்த படம் எனக்கு ஒன்று வேண்டும். போனில் வந்தால் எனக்குத் திறக்கத் தெரியாது. பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு தாயி.