உங்கள் வீட்டு வாசலில் வைத்த பீடித்தட்டு

டாக்டரம்மா, இன்று காலை துவைக்க எடுத்த அப்பாவின் சட்டையிலிருந்து வாடை எழுந்தது. மேலாக, அப்பா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸின் கந்தக வாடை. அது எங்கள் தெருவில் எல்லார் சட்டையிலும் இருப்பதுதான். அதற்கடியில் பீடிப் புகை. சட்டையைக் கையில் பிடித்தபடி குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா மேல் வரவேண்டிய கோபம் உங்கள் மேல் வந்தது. நீங்கள் இறந்து ஆறு மாதமாகிறது. இறந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். வருகிறதே, நான் என்ன செய்ய?

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோதுதான் அப்பாவை உங்களிடம் முதன்முதலாகக் கூட்டி வந்தோம். ஒரு மாதமாக இருமல். நீங்கள் நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துக் கேட்டீர்கள். பிறகு ஊர் பேரைக் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டீர்கள்.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை குடிக்குதீங்க?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "என்னமோ... நாலஞ்சு இருக்கும் டாக்டரம்மா."

"பொய்! ஒரு கட்டுக்கு மேல! நான் எண்ணியிருக்கேன்" என்று நான் குதித்தேன். கதவோரம் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் செத்துவிட்டது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாலஞ்சு. சரி" என்று சீட்டில் எழுதினீர்கள். உண்மையைச் சொன்ன என்னை விட்டுவிட்டுப் பொய்யை எழுதிக்கொள்கிறார்களே என்று எனக்குக் காது சுட்டது.

மருந்து வாங்க அப்பா வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏட்டி, அவிய நாலஞ்சுன்னா நான் நாலஞ்சுன்னுதான் எழுதுவேன். அடுத்த தடவ அவியளே பத்துன்னு சொல்லுவாக. அதுக்கு அவிய திரும்ப இங்கன வரணும்லா? நீ இப்படிப் போட்டுக்கொடுத்தா வருவாகளா?"

அடுத்த முறை அப்பா பத்து என்றார். அதற்கடுத்த முறை, "ஒரு கட்டு. சில நாளு ஒன்றரை." நீங்கள் மூன்றையும் ஒரே முகத்தோடு எழுதிக்கொண்டீர்கள்.

எல்லாரிடமும் கேட்பீர்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம், மனைவியைக் காட்ட வந்தவரிடம், ஊசி போட வந்த பிள்ளையின் அப்பாவிடம். கயத்தாற்று லாரி டிரைவர் ஒருவர் காலில் முள் குத்தி வந்திருந்தார். "முள்ளுக்கும் பீடிக்கும் என்ன டாக்டரம்மா சம்பந்தம்?" என்றார் அவர். "முள்ள இன்னைக்கே எடுத்துருவேன். மத்தது எடுக்க நாளாகும். அதான் இப்பமே கேக்குதேன்" என்றீர்கள். அவர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீங்கள் தப்பே செய்யாதவர் இல்லை. "பீடி வேணும்னா பையில இருக்கட்டும். தீப்பெட்டி மட்டும் வச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? அப்பா அதை ஒரு மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி இல்லாத மனிதரைத் தேடினாலும் கிடைக்காது. அப்பா ஒவ்வொரு பீடிக்கும் ஒவ்வொருவரிடம் நெருப்பு கேட்டார். கேட்ட இடத்தில் நின்று பேசினார். பேச்சு முடிவதற்குள் அவர்கள் ஒன்று நீட்டினார்கள். மாதக் கடைசியில், "டாக்டரம்மா, ரெண்டு கட்டத் தாண்டிருச்சு" என்று பாவமாகச் சொன்னார். நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"இந்த ஊருல இருந்துகிட்டு இப்படி ஒரு யோசனை சொன்னேன் பாருங்க! தப்பு எம்மேல அண்ணாச்சி. அது போகட்டும், ஆபீஸுக்குள்ள எப்படி?"

"உள்ளயா? நல்லாக் கேட்டீங்க! ஒரு பொறி போதும், ஓடு பறந்திரும். பீடி, பெட்டி எல்லாம் வாசல் கேட்டுலயே வச்சிரணும்."

"அப்ப காலையிலருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஒண்ணு கூடக் கிடையாது?"

"வேலை ஓடும்லா. நெனப்பே வராது."

"அப்ப என்னால விட முடியாதுன்னு இனிமே சொல்லாதீங்க. பாதி நாள் நீங்க ஏற்கெனவே விட்டுட்டுத்தான் இருக்கீங்க. மிச்சம் இருக்கிற பாதியத்தான் நாம பாக்கணும்."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதுவரை எல்லாரும், நானும்தான், அவரை முடியாதவர் என்றே சொல்லி வந்தோம். அன்றிலிருந்து அந்த ஆபீஸ் வாசல் கேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தினீர்கள். முதலில் மத்தியான இடைவேளை. பிறகு வேலை விட்டு வீடு வரும் வழி. பிறகு வீடு. நடுவில் நீங்கள் எழுதித் தந்த நிகோடின் சுவிங்கத்தை அப்பா வேப்பங்காய் தின்பவர் போல மென்றார். இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் அவராகவே உங்களிடம் வந்தார். "ஒண்ணு குடிச்சாலும் ஓடி வந்திருங்க. குடிச்சதுக்குத் திட்ட மாட்டேன், ஒளிஞ்சாத்தான் திட்டுவேன்" என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா?

முழுதாக விட்டு ஐந்து மாதம் ஆனது. அப்பா மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். அம்மா குழம்பில் உப்பு கூடிவிட்டதை முதல் ஆளாகக் கண்டுபிடித்து அவளிடம் திட்டு வாங்கினார்.

ஒருநாள் மத்தியானம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபடியே உங்களுக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

நானும் அப்பாவும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். பந்தல் போட்டு நாற்காலி வரிசை. வாசலில் ஒரு முக்காலி, அதன்மேல் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, பிரித்து வைத்த பீடிக் கட்டுகள், ஒரு புதுத் தீப்பெட்டி. துட்டி வீட்டில், சாவுக்கு வருகிறவர்களுக்கு வைக்கிற தட்டுதான். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலுமா என்று நான் அப்படியே நின்றுவிட்டேன். கழுகுமலையிலிருந்து வந்திருந்த உங்கள் அண்ணன் அந்தத் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் எண்ணிக்கை சொன்னவர்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. முள் குத்திய டிரைவரும் எடுத்தார்.

தட்டு அப்பாவிடம் வந்தது. "எடுத்துக்கிடுங்க" என்றார் உங்கள் அண்ணன். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எடுத்தார். பற்ற வைத்து இழுத்ததும் இருமினார். இருமிக்கொண்டே அழுதார்.

திரும்பி வரும்போது என்னால் வாயைப் பிடிக்க முடியவில்லை. "ஏம்ப்பா? அங்கன போயா?"

"தங்கச்சியப் பறிகொடுத்துட்டு மனுசன் நிக்காரு. அவர் நீட்டுத தட்டத் தள்ளச் சொல்லுதியா?"

"டாக்டரம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"இருந்திருந்தா தட்டு ஏம்ட்டி வருது?"

ஊர் முழுக்க அத்தனை பேரிடம் அத்தனை சொன்னீர்களே, உங்கள் சொந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா? எனக்கு ஒன்று ஆனால் வாசலில் பீடி வைக்காதீர்கள் என்று? இது நியாயமில்லாத கேள்வி என்று தெரியும். யாரும் அப்படி நினைத்துப் பார்த்துச் சொல்லி வைப்பதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அந்த ஒன்று மறுநாள் இரண்டானது. ஓடி வரச் சொன்ன இடத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது.

போன மாதம் இருமல் கூடிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, கூட்டம் அப்படி. தலையைத் தூக்காமல் இருமல் மருந்து எழுதினார். "சார், அப்பா பீடி குடிப்பாங்க" என்றேன். "நிறுத்தணும். அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றார். வெளியே வந்ததும் அப்பா, "சொல்லிட்டாருல்லா, நிறுத்தணும்னு. நிறுத்திருவோம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து சாப்பாட்டு நேரத்தில் நுரையீரலைப் பற்றி வாசித்தேன். படம் வரைந்து கதவில் ஒட்டினேன். அப்பா பின்வாசல் வழியாக வரத் தொடங்கினார். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்தார். ஒன்பதாம் வகுப்பில் செய்த அதே தப்பை, இப்போது இன்னும் நன்றாகப் படித்துவிட்டுச் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்துபோனார். பெண்களோடு நான் நிலைப்படியில் நின்றேன். தட்டு வந்தது. அப்பா கையை நீட்டினார். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். தட்டுக்காரர் ஒன்றும் நினைக்காமல் அடுத்தவரிடம் போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை சுலபமா என்று எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்கு வரும்போது அப்பா தாமாகச் சொன்னார்: "டாக்டரம்மா வீட்டுலயும் இப்படித் தொட்டுட்டு விட்டிருக்கலாம். அன்னைக்குத் தோணல."

நாக்கு நுனியில் எனக்கு ஒரு பாடமே இருந்தது. விழுங்கினேன். "இன்னைக்கு எத்தனைப்பா?" என்றேன்.

நடந்துகொண்டே விரல் மடக்கி எண்ணினார். "பதினொண்ணு."

கத்த வேண்டும் போல இருந்தது. "சரி" என்றேன்.

தெரு முக்கு வந்ததும், "நாளைக்கும் கேளு, என்ன" என்றார்.

அன்றிலிருந்து கேட்கிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கேள்விதான். அதை உங்களைப் போல முகம் மாறாமல் கேட்க எனக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன். ஒன்பது என்றார், பத்து என்றார். நேற்று பதின்மூன்று என்றார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தனை பேர் சொன்ன எண்ணிக்கையையும் கேட்டுக்கொண்டு, நீங்கள் எங்கே போய் அழுதீர்கள் டாக்டரம்மா?