நாலு பேருக்கு வைத்த பட்டை

விக்கிரமசிங்கபுரம்
20.8.1996

அன்பு மகன் அகமது மீரானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோருக்கும் உடம்பு அதனதன் இடத்தில் இருக்கிறது, அந்தப் பாலைவன வெயிலில் உன் உடம்பும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உன் மகள் தஸ்மியா போன வியாழக்கிழமை மாஞ்சோலையிலிருந்து நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், அவளும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை நீ பதறாமல் படிப்பாய். அன்று அவளை அழைக்கப் போனவர்கள் பெயரையும் இப்போதே எழுதிவிடுகிறேன், ஞாபகம் வைத்துக்கொள், கடைசியில் வேண்டியிருக்கும். கார் ஓட்டியது உன் மகன் ஆதில். முன்சீட்டில் உன் வாப்பாவின் தம்பி, உன் சாச்சா காஜா முகைதீன், அவருக்கும் ஆதிலுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் பீர் மைதீன். பின்னால் உன் பெண்டாட்டி சபுரா, அடுத்த தெரு நர்ஸ் ஹெப்சிபா, சாச்சாவின் மனைவி ஜொகரா, கதவோரம் நான். டிக்கியில் அரிசி மூட்டை, அதிரசக் கூடை, முறுக்கு டின், நெய்ச்சோற்றுச் சட்டி. ஏழாம் மாதத்தில் பெண்ணை அழைக்கப் போகும்போது ஆள் குறைந்தால் அவளுக்கு நாதியில்லை என்று பேசுவார்கள், தகப்பன் நீயும் இங்கே இல்லை, அதனால் கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

நீ போன கடிதத்தில் அந்த அம்பாசடரைப் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிடச் சொல்லியிருந்தாய். பாலிடெக்னிக் முடித்த பையன் காருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தால் எப்போது விசா எடுத்து அனுப்புவது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், முழுவதும் படித்துவிட்டு முடிவு சொல். அந்தக் கார் எப்படிக் குலுக்கும் என்று உனக்குத் தெரியாதா. உன் வாப்பா அதை வாடகைக்கு ஓட்டிய காலத்தில் கல்யாண வீட்டு அண்டா, சமையல்காரர்கள், மில் ஆட்கள் என்று யார் ஏறினாலும் பின்பக்கம் தாழக்கூடாது என்று லாரிப் பட்டறையில் கொடுத்து, பாரம் தாங்குகிற இரும்பு வில்லில் கூடுதலாகப் பட்டைகளை வைத்துக் கட்டினார். அன்றிலிருந்து அது காராக இல்லை, கட்டை வண்டியாகத்தான் இருந்தது. கல்லிடைக்குறிச்சி ரயில்வே கேட்டில் தூக்கிப் போட்டதில் நீ நாக்கைக் கடித்துக்கொண்டு என் மடியெல்லாம் ரத்தம் ஆனது, அப்போது உனக்கு ஆறு வயது, பச்சைச் சட்டை போட்டிருந்தாய். உன் வாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டி ஓட்டும்போது அவர் பின்னால் பார்க்கமாட்டார்.

தஸ்மியாவுக்குப் போன வருடம் முதல் கரு நிற்காமல் போனது உனக்குத் தெரியும். பெருநாளைக்கு எஸ்டேட் பஸ்ஸில் மலையிறங்கி வந்தாள், மணிமுத்தாறு வருவதற்குள் வயிறு வலித்தது, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிற்று. பஸ்ஸால் வந்தது இல்லை, நிற்காத கரு எப்படியும் நிற்காது என்று ஹெப்சிபா படித்துப் படித்துச் சொன்னாள். தஸ்மியாவின் மாமியார் ஆபிதா பீவி கேட்பாளா. மாஞ்சோலையில் கடை வைத்துப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லுகிற பெண், மனதில் ஒன்று விழுந்தால் எடுக்க முடியாது. இந்தத் தடவை அழைக்க வருகிறோம் என்று சபுரா சொல்லி அனுப்பியதற்கு, குலுங்காத வண்டி இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே பெறட்டும் என்று பதில் வந்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன், அவளும் பயந்துபோய்த்தான் சொன்னாள். ஆனால் தஸ்மியா சபுராவுக்குத் தனியாக எழுதிய கடிதத்தில், எனக்கு இங்கே இரவெல்லாம் பயமாக இருக்கிறது உம்மா, உங்கள் பக்கத்தில் படுத்தால் போதும், எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தாள். அதை ஆதில் படித்தான். படித்த அன்றைக்குத்தான் காருக்கு அடியில் போனான். வேலை இல்லாமல் போனான் என்று உனக்கு எழுதியது யார் என்று எனக்குத் தெரியும்.

அவன் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பின்பக்கத்துப் பட்டைக்கட்டைக் கழற்றி உன் வாப்பா சேர்த்த பட்டைகளை எடுத்துவிட்டான். மிச்சப் பட்டைகளைத் துரு போகத் தேய்த்து எண்ணெய் தடவி அடுக்கினான். செத்துப்போன ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினான். பழைய ஷாக் அப்சார்பர் எண்ணெய் ஒழுகிக் கிடந்தது, அது பழங்காலத்து மாதிரியாம், அதைத் தூக்கிவிட்டுக் குழாய்போல் நீளமாக இருக்கிற புதுசைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தான், அதை மாட்டுவதற்கு லேத் வைத்திருக்கிற எலியேசர் இரும்புப் பிடி செய்து வெல்டிங் வைத்துக் கொடுத்தான். பட்டை ஆடணும் வாப்பும்மா, ஆடினதை இது பிடிச்சு நிறுத்தணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் சொகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். உன் சாச்சா தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஏலே ஆதிலு, ஒம் பாட்டன் சேத்தத நீ உருவுதியே, நாளைக்கு சூலிப் பிள்ளைய நடுக்காட்டுல உக்கார வைக்கப் போற பாரு என்பார். இன்னொரு நாள், தலகாணியும் மெத்தையும் வச்சுத் தச்சிரு, பட்டை எதுக்குலே என்றார். பையன் மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டான். அவனும் எலியேசரும் பாபநாசம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். எலியேசர் பின்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே போனான், விரலில் எடுத்தது விரல் விட்டு நழுவவில்லை என்று வந்து சொன்னான். அன்று ஆதில் என்னிடம், அக்காவ ஏத்திக்கிட்டு மலையிறங்கும்போது முன்சீட்டு ஒனக்குத்தான் வாப்பும்மா என்று சொன்னான்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கார் நம் வாசலுக்கு வந்த நாளிலிருந்து நான் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. பொம்பளையை முன்னால் வைத்து ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்பார் உன் வாப்பா, அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் காலம் அப்படி. அவர் மௌத்தான அன்று மையத்து வீட்டுக்குள் கிடக்க, மதினி கார் சாவி எங்க வச்சிருக்கிய என்று கேட்டவர் உன் சாச்சா. அன்றைக்குப் பிறகு அந்த சீட் அவருடையது. மலைப் பாதையில் முன்னால் உட்கார்ந்து போனால் அணைத் தண்ணீர் முழுவதும் தெரியும் என்று சொல்வார்கள். நான் பார்த்தது எல்லாம் முன்னால் இருப்பவர்களின் பிடரிதான்.

வியாழக்கிழமை மணிமுத்தாறு அணை தாண்டுகிற வரை பஞ்சுபோல் போயிற்று. செக்போஸ்ட் தாண்டித் தார் போய்க் கல்லும் சாரல் சேறுமாக ஆனதும் பின்பக்கம் டம் என்று இடித்தது. அடுத்த பள்ளத்தில் இன்னொரு டம். ஜொகராவின் தலை என் தோளில் மோதியது. ஆதில் நிறுத்தி இறங்கி, சேற்றில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். எழுந்தபோது முகம் வெளுத்துப்போயிருந்தது. பாரம் தாங்காமல் அச்சு மேலே ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கிறதாம். நா அக்காவுக்குக் கணக்குப் பாத்துட்டேன், நம்ம வீட்டு ஆளுகளுக்குக் கணக்குப் பாக்கல என்றான். ஓட்டுகிறவன் போக நாலு பேர் ஏறுகிற காருக்கு வேண்டியதைச் செய்திருக்கிறான். நம் வீட்டில் நாலு பேர் மட்டும் காரில் போனது எப்போது. இந்த வீட்டில் விளைந்த பிள்ளை, அது தெரியவேண்டாமா, தெரியவில்லை. சாமான் முழுவதையும் இறக்கினான், பின்னால் வந்த எஸ்டேட் பஸ்ஸில் பீர் மைதீன் தானாகவே அத்தனை சாமானோடும் ஏறிக்கொண்டார். உன் சாச்சாவிடமும் கேட்டான். குடும்பத்துக்கு மூத்த ஆம்பள பஸ்ஸுல போயி எறங்கவா என்றார். நாங்கள் மெதுவாக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெண்கள் இறங்கி ஏறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

ஆபிதாவின் கடையும் வீடும் ஒன்றுதான், அந்த வாசலில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது ஆபிதா பீவி பார்த்துக்கொண்டு நிற்க, கார் டம் என்று இடித்தது. எல்லோரும் இறங்கினோம், ஸலாம் சொன்னோம். தஸ்மியா பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு நடைக்கு உள்ளே நின்றாள், அவள் முகத்தை நான் பார்த்தேன். ஆபிதா வாயைத் திறக்கவில்லை. உன் சாச்சா திறந்தார். நா அப்பமே சொன்னேன், பட்டையக் கழட்டாதலேன்னு, சின்னப் பய கேக்கல என்று அவள் வாசலில் நின்று சொன்னார், மகனே. நம் வீட்டு ஆள், நம் பிள்ளையை, சம்பந்தி வாசலில். ஆபிதா உடனே, சாப்புட்டுட்டு நீங்க போயிட்டு வாங்க, பிள்ள இங்கனயே இருக்கட்டும் என்றாள். தஸ்மியா பையைக் கீழே வைத்துவிட்டாள்.

சபுரா அழத் தொடங்கினாள். நான் பேச வாயெடுத்தேன், பேசியிருந்தால் பழையதெல்லாம் வந்திருக்கும், காரியம் கெட்டிருக்கும். ஆதில்தான் முன்னால் போனான். அவன் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "மாமி, இது நாலு பேருக்கு வச்ச பட்டை. நாங்க ஏழு பேரும் சாமானுமா பொறப்பட்டோம், பாதில எறக்கியும் ஆறு பேரு, அது என் தப்புதான், வண்டித் தப்பு இல்ல. அக்கா உக்காருத எடத்துல நீங்க உக்காருங்க. உம்மாவும் ஹெப்சிபா மாமியும் ரெண்டு பக்கமும் இருக்கட்டும். நாலுமுக்கு ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம். குலுங்குச்சுன்னா நானே வண்டிய விட்டுட்டுப் போயிருதேன்." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை முதுகெல்லாம் சேறு. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் ஏறினாள்.

நாங்கள் கடைத் திண்ணைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. தஸ்மியா என் பக்கத்தில் வந்து நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னதில் பிடித்ததுபோல. கார் போய் வர ஒரு காபி ஆறுகிற நேரம் ஆயிற்று. வந்து அதே பாலத்தில் ஏறி இறங்கியது, ஒரு சத்தம் இல்லை, பின்பக்கம் பைய இறங்கி பைய எழுந்து நின்றது. ஆபிதா உடனே இறங்கவில்லை. கதவைத் திறந்துவிட்ட ஆதிலிடம், ஏ வாப்பா, எம் முதுகு வலிய மறந்துட்டேன் என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, பிள்ளைய ஏத்துங்க, ஆனா இந்தக் கூட்டம் கூடாது, பின்னால மூணு பேரு, முன்னால ஒருத்தரு, அதுக்கு மேல ஒரு சட்டி ஏறப்படாது என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று ஜொகராதான் முதலில் சொன்னாள், நல்ல பெண், அவளுக்கு வாய்த்தது அப்படி.

சாப்பிட்டு முடித்து, பீர் மைதீன் துஆ ஓதினார். பின்சீட்டில் தஸ்மியாவை நடுவில் வைத்து சபுராவும் ஹெப்சிபாவும் உட்கார்ந்தார்கள். நான் கையைக் கழுவி, செருப்பில் ஒட்டின சேற்றைத் தட்டிவிட்டு முன்கதவுக்கு வந்தேன். உள்ளே உன் சாச்சா உட்கார்ந்திருந்தார். ஆதில் அவரிடம், வாப்பும்மாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன் என்று பைய சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். "மதினி பொம்பளையோட பொம்பளையா பஸ்ஸுல வந்துருவாவ, நீ எடுலே" என்றார். ஆபிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சொல் கூடினால், உள்ளே உட்கார்ந்த பிள்ளை மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். ஆதில் சாவியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். போ ராசா, நான் பின்னாலயே வருதேன் என்று கதவை நானே அடைத்தேன்.

பஸ்ஸில் வந்தேன். நெய்ச்சோற்றுச் சட்டி மடியில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது என் நெஞ்சில் இடித்தது. ஒரு வளைவில் கீழே பாதையில் கார் தெரிந்தது. மேடு பள்ளத்துக்கெல்லாம் பின்பக்கம் தாழ்ந்து எழும்பித் தோணிபோல் போய்க்கொண்டிருந்தது. முன் ஜன்னலில் உன் சாச்சாவின் கை தொங்கிக்கொண்டிருந்தது. தஸ்மியா மணிமுத்தாறிலேயே தூங்கிவிட்டாளாம், நம் வாசலில் வந்து எழுப்பினார்களாம். அதைக் கேட்டதும் என் இடுப்பு வலி போய்விட்டது, அது வேறு விஷயம். மறுநாள் பஜாரில் உன் சாச்சா, பட்டையைக் குறைக்கச் சொன்னதே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்ததை எலியேசர் கேட்டு வந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதில் காரை எடுத்துக்கொண்டு வந்து, ஏறு வாப்பும்மா, அணைக்குப் போயிட்டு வருவோம் என்றான். வேண்டாம் என்றேன். எனக்குச் சொன்னது பேத்தியை அழைத்து வருகிற அன்றைய சீட், வேறு ஒரு நாள் சும்மா ஏறி உட்கார என்ன இருக்கிறது.

காரை விற்க வேண்டாம், மகனே. பேறு முடிந்து பிள்ளையும் தாயும் மலையேற வேண்டும், ஆபிதா இனி வேறு வண்டிக்குச் சம்மதிக்கமாட்டாள். ஆதிலுக்கு விசா பார், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கார் வேலை தெரிந்த இடமாகப் பார். அதற்கு முன்னால் அவனுக்குத் தனியாக ஒரு வரி எழுது. நன்றாகச் செய்தாய் என்று எழுது, போதும். உன் கடிதம் வந்தால் உள்ளே தன் பெயர் இருக்கிறதா என்று அவன்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறான். நீயும் தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் இருந்து வியர்வையோடு ஏசிக்குள் போகாதே, ரூமில் யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். உன் கையால் பேரனையோ பேத்தியையோ தூக்குகிற நாளை அல்லாஹ் சீக்கிரம் தருவானாக, உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் உம்மா ஷரீபா பீவி

பின்குறிப்பு: லீவில் வரும்போது கோடாலித் தைலம் கொண்டு வா. அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று, பெயர்கள் மேலே எழுதியிருக்கிறேன். ஆபிதா பீவிக்கும் எலியேசருக்கும் சேர்த்து எடு. ஜொகராவுக்குக் கொடுப்பதை அவள் கையிலேயே கொடு, அவள் கையிலிருந்து யார் வாங்கித் தேய்க்கப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டாம். நான் மௌத்தான பிறகும் என் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். காஜா முகைதீனுக்கு வேண்டாம்.