பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். விமானத்துக்குள் எப்படி இருக்கும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். தினமும் அதன் அடிவயிற்றில் பெட்டி ஏற்றும் உங்களுக்கு மேலே இருப்பது தெரியாதே. பஸ் மாதிரிதான் இருக்கிறது. ஜன்னலைத்தான் திறக்க முடியாது. கிளம்பியதும் சின்னவனுக்குக் காது அடைத்து, அழுது ஊரைக் கூட்டிவிட்டான்.

அதற்கு முன்பே பெரியவள் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரரிடம், "எங்கப்பாதான் எல்லார் பெட்டியையும் ஏத்துறாரு. கையில தூக்கினாலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவாரு" என்றாள்.



ஒரு மாதக் கோடை விடுமுறைக்குத்தான் போகிறோம் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள்ளோ அவளுடைய பாடப் புத்தகங்களும் இருவரின் குளிர்காலத் துணிகளும் இருந்தன.

இங்கே வந்து இறக்கும்போதுதான் கவனித்தேன். கவுண்டரில் கொடுத்தபோது இல்லாத ஒரு ஸ்டிக்கர், கைப்பிடிக்குப் பக்கத்தில் நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தது: 'உடையும் பொருள். மெதுவாகக் கையாளவும்.'

தூக்கியதுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடைகிற மாதிரி அதில் நான் எதையும் வைக்கவில்லையே. எதை நினைத்து ஒட்டினீர்கள்?

பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

உங்கள் பிள்ளைகளின் அம்மா